கின்ஜோ, கனெஷிரோ, கனஷிரோ: மூன்றும் ஒரே குடும்பப் பெயரா? கடல் கடந்த ஒரு ஒகினாவா பெயரின் கதை

'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' (1994) படம் பார்த்தவர்களுக்கு நடிகர் டகேஷி கனெஷிரோவைத் தெரிந்திருக்கும். 1966-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்த முதல் 'அல்ட்ராமேன்' தொடரின் முக்கிய எழுத்தாளர் டெட்சுவோ கின்ஜோ. பிரேசில், பெரு, அர்ஜென்டினா பக்கம் போனால் 'கனஷிரோ' என்ற குடும்பப் பெயர் காதில் விழும்.

கேட்டால் மூன்றும் வேறு வேறு பெயர்கள் மாதிரி இருக்கிறது. ஆனால் ஜப்பானிய எழுத்தில் எழுதினால் மூன்றுமே ஒன்றுதான். அதே இரண்டு எழுத்துகள். முதல் எழுத்துக்கு 'பொன்' அல்லது 'உலோகம்' என்று பொருள், இரண்டாவதற்குக் 'கோட்டை' என்று பொருள்.

அப்படியானால் உச்சரிப்பு மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? ஜப்பானில் இது இப்போது சட்டம் தொட்டிருக்கும் விஷயமும்கூட. 2025 மே 26 முதல், குடும்பப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயரும் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவரை எழுத்து மட்டுமே பதிவானது. இந்தப் பெயரின் கதை புரிந்தால், ஒரு நாடு தன் மக்களின் பெயர் உச்சரிப்பை இத்தனை காலம் எழுதி வைக்காமல் விட்டதன் விளைவும் புரியும்.

ஒரே எழுத்தை எப்படிப் பல விதமாக வாசிக்க முடியும்?

ஜப்பானிய மொழி சீனாவிலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்துகளுக்குக் 'கன்ஜி' என்று பெயர். கன்ஜி எழுத்து ஒலியைவிடப் பொருளையே முதலில் குறிக்கும். அதனால் பெரும்பாலான கன்ஜிகளுக்குக் குறைந்தது இரண்டு வாசிப்புகள் உண்டு. ஒன்று சீன ஒலியைத் தழுவியது. இன்னொன்று அதே பொருளுக்கான சொந்த ஜப்பானியச் சொல்.

'பொன்' எழுத்தைச் சீன வழியில் 'கின்' என்றும், ஜப்பானிய வழியில் 'கனெ' அல்லது 'கன' என்றும் வாசிக்கலாம். 'கோட்டை' எழுத்து சீன வழியில் 'ஜோ', ஜப்பானிய வழியில் 'ஷிரோ'. சீன வழியில் சேர்த்தால் கின்ஜோ. ஜப்பானிய வழியில் சேர்த்தால் கனெஷிரோ அல்லது கனஷிரோ.

ஆனால் இந்தப் பெயர் பிறந்த இடத்தில் இந்த மூன்றில் எதுவுமே மூல உச்சரிப்பு இல்லை. அங்கே இதை 'கனகுஷிகு' என்றார்கள். சிலர் 'கனகுசுகு' என்பார்கள். 'குஷிகு' என்பது ஒகினாவா மொழியில் கோட்டைக்கான சொல்.

பெயர் எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் தென்மேற்குக் கோடியில், தைவானை நோக்கி நீளும் தீவுக்கூட்டம்தான் ஒகினாவா. இன்றைக்கு அது ஜப்பானின் ஒரு மாகாணம். 1879 வரை அது ரியூக்யூ என்ற தனி அரசு. அரசர், ஷூரி நகரில் ஒரு கோட்டை, சீனாவோடு கடல் வணிகம், தனி மொழி எல்லாமே அதற்கு இருந்தன. தீவுகள் முழுக்கக் கல் மதில் சூழ்ந்த கோட்டைகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றையும் அவற்றோடு தொடர்புடைய இடங்களையும் சேர்த்து 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கோட்டை நிறைந்த நாட்டில் ஊர்ப் பெயர்களிலும் கோட்டை நிறைந்திருக்கும். ரியூக்யூவில் மேல்தட்டுக் குடும்பங்கள் தங்களுக்கு அளிக்கப்பட்ட அல்லது தாங்கள் வாழ்ந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டன. கனகுஷிகு என்ற பெயரில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன. ஷூரி கோட்டையிலிருந்து கீழே இறங்கும் புகழ்பெற்ற கல்பாவிய பாதை இருக்கிறதே, அந்தப் பகுதியின் பெயரும் இதே எழுத்துகள்தான். இன்று சுற்றுலாப் பலகையில் அது 'கின்ஜோ' என்றிருக்கும்.

ஆகவே இந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மூதாதையரின் வாரிசுகள் இல்லை. பெயர் சொல்வது முதலில் ஊரை.

இதில் அரசியலும் உண்டு. 1609-ல் ஜப்பானின் தெற்கிலிருந்த சட்சுமா பகுதியின் படை ரியூக்யூவைப் பிடித்தது. ஆனால் சீன வணிகம் கெடக்கூடாது என்பதற்காக, ரியூக்யூ தனி நாடு போலவே வெளியில் தெரியவேண்டும் என்று சட்சுமா விரும்பியது. அதனால் ரியூக்யூ மக்கள் ஜப்பானியப் பாணியில் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1624-ல் உத்தரவு வந்தது. ஒகினாவா குடும்பப் பெயர்கள் ஜப்பானின் மற்ற பகுதிப் பெயர்களிலிருந்து தனித்துத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

அந்த வேறுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது. ஜப்பான் முழுக்க அதிகம் உள்ள பெயர்கள் சாட்டோ, சுசுகி, டகஹாஷி. ஒகினாவாவில் முதல் மூன்று இடங்களில் இருப்பவை ஹிகா, கின்ஜோ, ஓஷிரோ. ஜப்பானில் வாழும் கின்ஜோக்களில் பெரும்பாலானோர் ஒகினாவா மாகாணத்திலேயே இருக்கிறார்கள். டோக்கியோ அலுவலகத்தில் ஒருவர் "நான் கின்ஜோ" என்று சொன்னதுமே, "ஒகினாவாவா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

எப்போது, எங்கே போனார்கள்?

ஜப்பானியர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது 1885-ல். ஒகினாவா மக்கள் கொஞ்சம் தாமதம். கியூசோ டோயாமா என்பவரின் முயற்சியில் 1899 டிசம்பரில் புறப்பட்ட முதல் குழு, 1900 ஜனவரியில் ஹொனலுலுவில் இறங்கியது. இறங்கியவர்கள் 26 பேர்.

போனதற்குக் காரணம் வறுமை. ஊர்ப் பொதுவாக இருந்த நிலம் 1899 முதல் 1903 வரை நடந்த சீர்திருத்தத்தில் தனியார் சொத்தானது. நிலத்தை விற்று அல்லது அடகு வைத்துக் கப்பல் ஏற வழி பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் சர்க்கரை விலை சரிந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. பக்குவமாகச் சமைக்காவிட்டால் உயிரையே எடுக்கும் சைக்கஸ் மரத்தின் மாவைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். அந்தக் காலத்தை ஒகினாவாவில் இன்றும் 'சைக்கஸ் நரகம்' என்றே சொல்கிறார்கள்.

போகும் திசையை அமெரிக்கச் சட்டம் தீர்மானித்தது. 1907-08-ல் ஜப்பானும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டால் புதிய தொழிலாளர்கள் போவது கட்டுப்படுத்தப்பட்டது. ஏற்கெனவே போனவர்கள் குடும்பத்தினரை அழைத்துக்கொள்ளலாம் என்ற வழி மட்டும் திறந்திருந்தது. 1924-ன் குடியேற்றச் சட்டம் அதையும் மூடியது. அலை தென் அமெரிக்கா பக்கம் திரும்பியது.

1908 ஜூன் 18-ல் 'கசாத்தோ மாரு' கப்பல் 781 ஒப்பந்தத் தொழிலாளர்களோடு பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தை அடைந்தது. அவர்களில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கினர் ஒகினாவாக்காரர்கள். காப்பித் தோட்டத்தில் கூலி போதாமல் பலர் அங்கிருந்து வெளியேறி ரயில் பாதை போடும் வேலைக்குப் போனார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று காம்போ கிராண்டே. ஒகினாவா நூடுல்ஸான 'சோபா' அங்கே இன்று அந்த நகரத்தின் சொந்த உணவாகவே ஆகிவிட்டது.

பெருவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனவர்களிலும் ஒகினாவாக்காரர்களே அதிகம். இன்றும் அந்த இரு நாடுகளில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினரில் பெரும்பான்மையோரின் வேர் ஒகினாவாவில்தான். அர்ஜென்டினாவில் சலவைக் கடை என்றாலே ஜப்பானியர் நடத்துவது என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தொழில் அவர்கள் கையில் இருந்தது. போருக்குப் பின், அமெரிக்க ராணுவ ஆட்சியின் கீழிருந்த ஒகினாவாவிலிருந்து 1954-ல் கிளம்பியவர்கள் பொலிவியாவின் சான்டா குரூஸ் பகுதியில் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். அந்தக் குடியேற்றத்தின் பெயரே 'கொலோனியா ஒகினாவா'.

ஊரில் பெயர் ஏன் மாறியது?

1879-ல் ரியூக்யூ கலைக்கப்பட்டு ஒகினாவா மாகாணமானது. அதன்பின் "நல்ல ஜப்பானியர்" ஆகவேண்டும் என்ற அழுத்தம் தொடங்கியது. பள்ளியில் ஒகினாவா மொழி பேசிய மாணவன் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யாராவது அதே 'தப்பு' செய்து மாட்டும்வரை அதை அவன் சுமக்க வேண்டும்.

ஜப்பானின் பெருநகரங்களில் நிலைமை இன்னும் கடுமை. 1903-ல் ஒசாகாவில் நடந்த தொழில் கண்காட்சியையொட்டி, ஐனு மக்கள், தைவான் பழங்குடியினர் ஆகியோரோடு ஒகினாவாப் பெண்களையும் 'காட்சிப் பொருளாக' ஒரு கொட்டகையில் உட்கார வைத்தார்கள். ஒகினாவாவில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பின்னாளில் ஒசாகாவின் ஆலைகளுக்கு வேலை தேடிப் போனவர்கள், "கொரியர், ரியூக்யூக்காரர் வேண்டாம்" என்று எழுதிய பலகைகளைப் பார்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ போய் நின்று "என் பெயர் கனகுஷிகு" என்று சொன்ன நொடியில் ஊர் தெரிந்துவிடும். எழுத்தை மாற்ற வேண்டுமானால் அரசு அனுமதி வேண்டும். ஆனால் வாசிப்பை மாற்ற யாரிடமும் கேட்க வேண்டாம், ஏனென்றால் பதிவேட்டில் வாசிப்பே இல்லை. அதே எழுத்தை வைத்துக்கொண்டு "இனிமேல் நாங்கள் கனெஷிரோ" என்றோ "கின்ஜோ" என்றோ சொன்னால் போதும்.

அதுதான் நடந்தது. 1930-களில் இது தனி நபர்களின் முடிவாக மட்டும் இல்லாமல், ஒகினாவாவின் கல்வியாளர்கள் முன்னெடுத்த ஒரு சீர்திருத்த இயக்கமாகவே ஆனது. கனகுஷிகு பொதுவாகக் கின்ஜோ ஆனது. உஃபுகுஷிகு, ஓஷிரோ ஆனது. மியாகுஷிகு, மியாகி ஆனது. ஆமாம், 'கராத்தே கிட்' படத்தின் மிஸ்டர் மியாகியும் ஒகினாவாக்காரர்தான், அவர் பெயரும் ஒரு கோட்டைப் பெயர்தான்.

1945-ல் நடந்த ஒகினாவாப் போர் மிச்சமிருந்ததையும் கலைத்தது. ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தார். முக்கியத் தீவின் குடும்பப் பதிவேடுகள் எரிந்து போயின. பிறகு உயிரோடு இருந்தவர்களின் நினைவிலிருந்தே பதிவேடுகளைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் ஏன் மாறவில்லை?

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. ஹவாயிலோ சாண்டோஸிலோ குடியேற்ற அதிகாரிக்குக் கன்ஜி தெரியாது. அவருக்குத் தேவை ரோமன் எழுத்து. ரோமன் எழுத்து பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பதிவு செய்யும். ஒருமுறை 'கனெஷிரோ' என்றோ 'கனஷிரோ' என்றோ பதிவாகிவிட்டால், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட் வரை அதேதான். பின்னாளில் ஊரில் இருக்கும் அண்ணன் குடும்பம் 'கின்ஜோ' ஆனாலும், ஹொனலுலுவில் இருக்கும் தம்பி குடும்பத்தின் பெயர் மாறாது.

'கனஷிரோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் பழைய 'கன' அப்படியே நிற்கிறது, பின்பாதியில் 'குஷிகு' போய் 'ஷிரோ' வந்துவிட்டது. பாதி வழியில் நின்றுபோன மாற்றம் அது. அதே மாதிரி ஊரில் மியாகி என்று ஆனவர்களின் உறவினர்கள் ஹவாயிலும் தென் அமெரிக்காவிலும் மியாஷிரோவாக இருப்பார்கள். ஊரில் 'அரகாகி' என்று ஒலிக்கும் பெயர் வெளியே 'அரகாகி' என்று இல்லாமல் 'அரக்காக்கி' என்று வல்லின 'க்' ஒலியோடு நிலைத்திருக்கும்.

இது இரும்பு விதி இல்லை. ஹவாயிலும் கின்ஜோக்கள் உண்டு, ஒகினாவாவிலும் கனெஷிரோக்கள் உண்டு. ஓஷிரோ இரண்டு பக்கமும் ஓஷிரோதான். ஆனால் பொதுவான போக்கு இதுதான்: ஊரில் எழுத்து நிலைத்தது, ஒலி மாறியது. வெளிநாட்டில் ஒலி நிலைத்தது, எழுத்து தொலைந்தது.

எழுத்து தொலைந்ததற்கும் காரணம் உண்டு. பிரேசிலில் கெட்டூலியோ வர்காஸ் ஆட்சியில் ஜப்பானிய மொழிப் பள்ளிகளும் பத்திரிகைகளும் மூடப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பெருவிலிருந்து சுமார் 1,800 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்கத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் பெயரைக் கன்ஜியில் எழுதத் தெரியாமல் போனது.

மொத்தம் எத்தனை பேர்?

வெளிநாடுகளில் வாழும் ஒகினாவா வம்சாவளியினர் சுமார் 4.2 லட்சம் பேர் என்று ஒகினாவா மாகாண அரசு கணக்கிடுகிறது. மாகாணத்தின் மக்கள்தொகையே சுமார் 14.6 லட்சம்தான். பிரேசில், அமெரிக்கா, பெரு, அர்ஜென்டினா ஆகியவையே முக்கிய இடங்கள். அமெரிக்காவில் ஹவாய் தனித்து நிற்கிறது. 2014 முதல் 2022 வரை அங்கே ஆளுநராக இருந்த டேவிட் இகே, ஒகினாவா வம்சாவளியில் வந்த முதல் அமெரிக்க மாநில ஆளுநர்.

இதில் 'பொன் கோட்டை' பெயர்க்காரர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுவது சிக்கல். மூன்று காரணங்கள்:

முதலாவது, வெளிநாட்டுக் கணக்கெடுப்புகள் எண்ணுவது எழுத்துக்கூட்டலை. கின்ஜோ, கனெஷிரோ, கனஷிரோ மூன்றும் மூன்று வேறு வரிசைகளில் விழும். இணையத்தில் உலவும் "உலகில் இந்தப் பெயர் எத்தனை பேருக்கு" வகைப் பட்டியல்களும் ஒவ்வொன்றையும் தனிப் பெயராகவே காட்டும்.

இரண்டாவது, பெயரிடும் முறை. ஜப்பானில் திருமணமானால் தம்பதி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். நடைமுறையில் பெரும்பாலும் பெண்தான் மாற்றிக்கொள்கிறார். பெருவில் தந்தை பெயர், தாய் பெயர் இரண்டும் பிள்ளைக்கு வரும். பெருவின் எழுத்தாளர் அகுஸ்தோ ஹிகா ஓஷிரோவின் பெயரில் இரண்டு ஒகினாவாக் குடும்பங்களும் அருகருகே நிற்பது அப்படித்தான். ஒரே ஆளை எந்தப் பெயரில் எண்ணுவது என்பதே நாட்டுக்கு நாடு மாறுகிறது.

மூன்றாவது, அதே எழுத்து இருந்தாலே ஒகினாவா என்று சொல்லிவிட முடியாது. 'கோ' நாவலுக்காக 2000-ல் நவோகி விருது பெற்ற கசுகி கனெஷிரோவின் பெயரும் இதே இரண்டு எழுத்துகள்தான். ஆனால் அவர் ஜப்பான் வாழ் கொரியர். கொரியாவின் 'கிம்' பெயருக்கும் இதே 'பொன்' எழுத்துதான். ஜப்பானிய ஆட்சியில் 1940-ல் கொரியர்கள் ஜப்பானியப் பாணிப் பெயர் வைத்துக்கொள்ளத் தள்ளப்பட்டபோது, பல கிம் குடும்பங்கள் அந்தப் 'பொன்' எழுத்தை மட்டுமாவது காப்பாற்றிக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டன. ஜப்பானில் கனெஷிரோ, கனெமோட்டோ, கனெடா போன்ற பெயர்கள் சில கொரியக் குடும்பங்களுக்கும் இருப்பது இதனால்தான்.

நடிகர் டகேஷி கனெஷிரோ இன்னொரு கிளை. தந்தை ஒகினாவாக்காரர், தாய் தைவானைச் சேர்ந்தவர், பிறந்தது தைபேயில். சீனம் பேசும் ரசிகர்கள் அதே எழுத்துகளைத் தங்கள் ஒலியில் 'ஜின்செங்' என்று வாசிக்கிறார்கள்.

இப்போது ஏன் இது முக்கியம்?

1990-ல் ஜப்பான் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, ஜப்பானிய வம்சாவளியில் மூன்றாம் தலைமுறை வரை வேலைக்கு வர வழி திறந்தது. 2000-களின் பின்பகுதியில் ஜப்பானில் வாழ்ந்த பிரேசில் நாட்டினர் மூன்று லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களின் குடியிருப்பு அட்டையில் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். தாத்தா கன்ஜியோடு கிளம்பிய நாட்டுக்குப் பேரன் வெறும் ஒலியோடு திரும்பி வந்தான்.

வேர் தேடுவோருக்கு இது நேரடிச் சிக்கல். 'கனஷிரோ' என்று மட்டும் தெரிந்தால் ஊர்ப் பதிவேட்டில் தேட முடியாது. எந்தக் கன்ஜி, எந்த ஊர் என்று தெரியவேண்டும். ஒகினாவா மாகாண நூலகம், பழைய புலம்பெயர்வுப் பதிவுகளை வைத்து வெளிநாட்டு ஒகினாவா வம்சாவளியினருக்கு இப்படித் தேட உதவுகிறது. 1990 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 'உலக உச்சினாஞ்சு விழா'வுக்குப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 'உச்சினாஞ்சு' என்றால் ஒகினாவா மொழியில் 'ஒகினாவாக்காரர்'. உறவைக் கண்டுபிடிப்பதும் அந்தப் பயணத்தின் ஒரு நோக்கம்.

ஒலி பிரிந்ததால் உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. போரில் ஒகினாவாவின் பன்றிகள் கிட்டத்தட்ட அழிந்து மக்கள் பட்டினியில் கிடந்தபோது, ஹவாயின் ஒகினாவாக்காரர்கள் பணம் திரட்டி 1948-ல் 550 பன்றிகளைக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள்.

இனி என்ன ஆகும்?

புதிய சட்டப்படி உள்ளாட்சி அலுவலகங்கள் ஒவ்வொருவருக்கும் "உங்கள் பெயரை இப்படித்தான் பதிவு செய்யப் போகிறோம்" என்று கடிதம் அனுப்பின. தவறு இருந்தால் திருத்தம் சொல்ல 2026 மே 25 வரை ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. எதுவும் சொல்லாவிட்டால் கடிதத்தில் இருக்கும் வாசிப்பே பதிவாகும். புதிதாக வைக்கும் பெயர்களுக்கு, அந்தக் கன்ஜிக்குப் பொதுவாக ஏற்கப்படும் வாசிப்பாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வழக்கத்துக்கு மாறான வாசிப்பை ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள் பாஸ்போர்ட் போன்ற ஆவணம் காட்டி அதைத் தொடரலாம்.

நிர்வாகத்துக்கு இது வசதி. வங்கி, காப்பீடு, கணினிப் பதிவு எல்லாவற்றிலும் ஆளை அடையாளம் காண ஒலி வேண்டும். ஒகினாவாக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. நூறு ஆண்டுகளாக யாரையும் கேட்காமல் மாற்றிக்கொள்ள முடிந்த வாசிப்பு இனி அரசுப் பதிவு. கின்ஜோ என்று பதிவானால் கின்ஜோதான். தாத்தாவின் 'கனகுஷிகு'வைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு பேத்தி பின்னாளில் ஆசைப்பட்டால், சொல்லிக்கொண்டால் மட்டும் போதாது, முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும்.